வாசல் பக்கம் ஒரு பாய்

மகனே,

நீ இதைப் படிக்கும்போது கப்பலை விட்டு இறங்கி வீட்டுக்கு வந்திருப்பாய். உப்பு ஊறிய சட்டைகளை எல்லாம் ஒரு மூலையில் குவித்துவிட்டு, "அம்மா, தேத்தண்ணி" என்று கேட்டுக்கொண்டு குசினிக்குள் நுழைவாய். தேத்தண்ணீரோடு இதையும் உன் கையில் தருவேன். வாயால் சொன்னால் போதாதா என்று கேட்பாய். வாயால் சொன்னால் நீ சிரிப்பாய். நீ சிரித்தால் எனக்குக் கோபம் வரும். கோபம் வந்தால் சொல்லவந்ததை விட்டுவிட்டு உன் தலைமயிரைப் பற்றி ஏசத் தொடங்கிவிடுவேன். நீ வளர்ந்த நாளிலிருந்து நம் இருவருக்கும் இடையில் நடக்கிற கூத்து இதுதான். அதனால் இந்த முறை எழுதிவிடுவது என்று தையல் மெஷினை மூடி, அதன்மேல் தாளை விரித்து உட்கார்ந்திருக்கிறேன். உன் கல்யாணத்துக்காகப் பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் கொடுத்த சட்டைத் துணிகள் இன்னும் தைக்காமல் கிடக்கின்றன. கிடக்கட்டும்.

நீ இப்போது நம் கிழக்குக் கரைக்கு அப்பால் எங்கோ ஆழக்கடலில் நிற்கிறாய். கல்யாணத்துக்கு முந்திய மாதத்தில் மாப்பிள்ளை கடலுக்குப் போய் நான் கேள்விப்பட்டதில்லை. சொந்தக்காரர் வந்து மாப்பிள்ளை எங்கே என்று கேட்டால் உன் அப்பா, "கடலுக்கு அடியில எவடத்த மண் சரிஞ்சிருக்கு எண்டு பாக்கப் போயிருக்கான்" என்கிறார். அவர்கள் திரும்பி என் முகத்தைப் பார்க்கிறார்கள், இந்த மனிதருக்கு என்ன நடந்தது என்று கேட்பதுபோல. உண்மையைத்தான் சொல்கிறார் என்று நான் சொன்னால் என்னையும் அப்படித்தான் பார்ப்பார்கள். அதனால் பலகாரத் தட்டை அவர்கள் பக்கம் தள்ளிவிடுகிறேன்.

முதலில் வீட்டுக் கதையைக் கதைப்போம். நம் பக்கத்து வழக்கம் உனக்குத் தெரியாததில்லை. பெண்ணைப் பெற்றவர்கள் வீடு கட்டிக் கொடுப்பார்கள், மாப்பிள்ளை தன் உடுப்புப் பெட்டியோடு அந்த வீட்டுக்குப் போவான். உன் அப்பாவும் அப்படித்தான் கொக்கட்டிச்சோலை வயலை விட்டு, வாவியைக் கடந்து, ஆரையம்பதிக் கடற்கரைப் பக்கம் இருந்த என் வீட்டுக்கு வந்தார். நெல்லைத் தவிர வேறெதுவும் தெரியாத மனிதர், என் மாமாமாரின் வள்ளத்தில் ஏறிக் கடல் பழகினார். ஆண்பிள்ளையைப் பெற்றவள் அவன் எங்கே வாழவேண்டும் என்று சொல்ல முடியாது. அவனுக்கு வாய்க்கிற பெண்ணுக்கு எங்கே வீடு வளவு இருக்கிறதோ அங்கேதான் அவன் வாழ்க்கை. இதெல்லாம் எனக்குத் தெரியும். தெரிந்துதான் தர்சியைப் பெண் கேட்டுப் போனோம். ஆனால் அவளுக்கு அவள் பெற்றோர் கட்டியிருக்கிற வீடு, வாவி கடலில் விழுகிற முகத்துவாரத்துக்குக் கிட்ட, ஒரு பக்கம் கடலும் மறுபக்கம் வாவியுமாக இருக்கிற அந்த ஒடுங்கிய மணலில்தான் என்று கேட்டபோது கையிலிருந்த வெற்றிலைத் தட்டைக் கீழே வைத்துவிட்டேன். சுனாமியைப் படித்த மாப்பிள்ளைக்குச் சுனாமி அடித்த இடத்திலேயே வீடு. இதைவிடப் பொருத்தம் யாரால் பார்க்க முடியும்!

அன்று நான் சொன்னதை நீ மறந்திருக்கமாட்டாய். "கலியாணத்துக்கு வாறன். தாலி கட்டுறதப் பாக்கிறன். ஆனா அந்த ஊட்டுல ஒரு ராவும் நான் படுக்கமாட்டன். உனக்குப் புள்ள பிறந்தாலும் இஞ்ச கொண்டுவந்து காட்டு." நீ சிரிக்கக்கூட இல்லை. அதுதான் எனக்கு அதிகம் வலித்தது. உன் அப்பா மட்டும் வாசலில் இருந்தபடி, "நாளைக்குப் புள்ளையத் தூக்க ஆசை வந்தா என்ன செய்யப்போறீங்க?" என்று கேட்டார். அந்தக் கேள்விக்கு இன்றுதான் பதில் எழுதுகிறேன் என்று வைத்துக்கொள்.

அந்த மார்கழிக் காலையை உனக்கு நான் எத்தனையோ தரம் சொல்லியிருக்கிறேன். இன்னொரு தரம் சொல்லவேண்டும், ஏனென்றால் இத்தனை காலமும் நான் அதைப் பிழையாகச் சொல்லியிருக்கிறேன் என்று இப்போதுதான் விளங்கியிருக்கிறது. உன்னைக் கிணற்றடியில் வைத்துக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தேன். அப்பா விடியமுன்னரே வள்ளத்தில் போய்விட்டார். உன் சின்னம்மா, என் ஒரே தங்கச்சி, வேலியடியில் நின்று கடலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "அக்கா, ஓடி வாங்க, கடல் நிரம்புது. பாருங்க, என்ன வடிவாக் கிடக்கு" என்றாள். எட்டிப் பார்த்தேன். கடல் உள்ளே இழுபடவும் இல்லை, அலை எழும்பவும் இல்லை. குடம் நிரம்புவதுபோலக் கரை நிரம்பி வந்தது. அந்த நிரம்பலில் ஏதோ ஒன்று எனக்குப் பிடிக்கவில்லை. வாடி என்று அவளைக் கூப்பிட்டேன். "நீங்க போங்க, நான் வாறன்" என்றாள். சவர்க்கார நுரையோடு உன்னைத் தூக்கினேன். கை வழுக்கியது. இரண்டு தரம் நீ கையிலிருந்து நழுவப் பார்த்தாய். முதுகுக்குப் பின்னால் வேலிகள் முறிகிற சத்தம் கேட்டது. திரும்பிப் பார்க்கவில்லை.

பெருந்தெருவைக் கடந்து, ஒழுங்கைகளுக்குள் புகுந்து, வாவிக்கரைக்கு வந்து சேர்ந்தேன். அங்கே ஒரு தோணி. ஏற இடமில்லாத அளவுக்குச் சனம். தோணிக்காரர் உன்னை வாங்கி யாரோ ஒருவரின் மடியில் வைத்தார், நான் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு ஏறினேன். வாவிக்கு மறுபக்கம், படுவான்கரைக்குப் போய்ச் சேர்ந்தோம். நடுக்கடலில் நின்ற உன் அப்பாவுக்கு எதுவுமே தெரியவில்லை. வள்ளம் கொஞ்சம் மேலே போய்க் கீழே வந்ததாம், அவ்வளவுதான். கரைக்கு வந்து பார்த்தால் வீடு இருந்த இடம் வெறும் மணல். உன் சின்னம்மா வரவேயில்லை.

அதற்குப் பிறகு நாங்கள் கடற்கரைக்குத் திரும்பவில்லை, கொக்கட்டிச்சோலையிலேயே தங்கிவிட்டோம். என் சீதன வளவில் இன்று தாழை வளர்ந்து கிடக்கிறது. உன் அப்பா மறுபடியும் வயல்காரரானார், நான் தையல்காரியானேன். அன்றிலிருந்து எனக்குள் ஒரு நம்பிக்கை வேர் பிடித்துவிட்டது. தோணிதான் நம்மைக் காப்பாற்றியது. எந்த ஆபத்து வந்தாலும் வாவியைக் கடந்துவிட்டால் தப்பிவிடலாம். இது என் ஒருத்தியின் நம்பிக்கை இல்லை. சண்டைக் காலத்திலும் நம் சனம் அப்படித்தான் செய்தது. அந்தக் கரையில் சுற்றிவளைப்பு என்றால் இந்தக் கரைக்கு வந்தோம், இந்தக் கரையில் ஷெல் விழுந்தால் அந்தக் கரைக்குப் போனோம். தோணியில் கால் வைத்தாலே பாதி உயிர் திரும்பி வந்துவிடும். விபரம் தெரிந்த நாளிலிருந்து நீ இதைக் கேட்டுத்தான் வளர்ந்தாய். அந்தத் தோணிக்காரருக்கு ஒவ்வொரு பொங்கலுக்கும் நான் உடுக்க ஒரு சாரம் கொடுத்து வந்ததும் உனக்குத் தெரியும். அதை இனிமேலும் கொடுப்பேன். அதில் பிழையில்லை.

கடலைப் பற்றிய இந்தப் படிப்புக்குப் போகிறேன் என்று நீ சொன்னபோது நான் மூன்று நேரமும் சமைக்காமல் கிடந்தேனே, அது ஏன் என்று நீ கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. இப்போது சொல்கிறேன். கடலைப் பார்த்துக்கொண்டு நின்றவள் போய்விட்டாள். பார்க்காமல் ஓடியவள் பிழைத்தாள். என் பிள்ளை கடலைப் பார்த்துக்கொண்டு நிற்பதையே தொழிலாக எடுக்கிறேன் என்றால் எனக்கு எப்படி இருந்திருக்கும்? எஞ்சினியராகப் போகலாம், கணக்கு வாத்தியாராகப் போகலாம், ஒன்றுமில்லாவிட்டால் வெளிநாட்டுக்காவது போகலாம். ஆசையோடு நீ எந்தப் பாடத்தைச் சொன்னாலும் நான் சம்மதித்திருப்பேன். இதைத் தவிர.

நீ என் பேச்சைக் கேட்கவில்லை. போனாய். விடுமுறையில் வரும்போதெல்லாம் வீடு முழுக்கச் சேறு கொண்டுவந்தாய். வாவிக்குள் பிளாஸ்டிக் குழாயை இறக்கி, சேற்றோடு இழுத்தெடுத்து, என் துணி வெட்டுகிற மேசையில் கிடத்தி, நீளவாக்கில் அறுத்துப் பிளந்தாய். என்ன ஏச்சு ஏசினேன்! யாரோ ஒரு பிள்ளையின் வெள்ளைச் சீருடையில் கறுப்புச் சேறு பட்டதற்கு, "உன்ட பல்கலைக்கழகத்துல மேச இல்லையா?" என்று கத்தினேன். நீ என் கையைப் பிடித்து அந்தச் சேற்றின் நடுவில் ஓடிய ஒரு கீற்றில் வைத்தாய். வெள்ளை மணல். ஒரு விரல் அகலம்கூட இல்லை. அதற்குள் பொடிந்த சிப்பித் துண்டுகள். "இதுதானம்மா அண்டைக்கு வந்த கடல்" என்றாய். கறுப்புச் சேறு, பிறகு ஒரு கீற்று மணல், அதற்குமேல் மறுபடியும் கறுப்புச் சேறு. அந்த ஒரு காலை இவ்வளவு மெல்லிசாக வாவிக்குள் அடங்கிக் கிடக்கும் என்று நான் நினைத்ததில்லை. மேசையைக் கழுவாமல் கனநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். தங்கச்சியைத் தொட்டதுபோல இருந்தது என்று அன்று உனக்குச் சொல்ல வாய் வரவில்லை.

கீழே, இன்னும் ஆழத்தில், இன்னொரு மணல் கீற்று இருந்ததை நான்தான் முதலில் கேட்டேன். "இதுக்கு முந்தியும் வந்திருக்கா?" நீ உடனே ஓம் என்று சொல்லவில்லை. நான் சின்னப் பிள்ளையாக இருந்தபோது அடித்த புயல் போல இன்னொரு புயல் கொண்டுவந்து போட்ட மணலாகவும் இருக்கலாம், கடல் ஏறி வந்து போட்டதாகவும் இருக்கலாம், சோதித்துப் பார்க்காமல் சொல்ல ஏலாது என்றாய். எனக்கு அப்போது எரிச்சல்தான் வந்தது. இவ்வளவு படித்தும் தெரியாது என்கிறானே என்று. பிறகு கோயிலடியில் ஊர்ச்சனம் உன்னைச் சுற்றி நின்று, அடுத்தது எப்போது வரும் என்று கேட்டபோதும் அதையே சொன்னாய். "அது ஒருத்தருக்கும் தெரியா. தெரியும் எண்டு ஆரும் போன்ல அனுப்பினா நம்பாதீங்க. ஆனா வந்தா எங்க ஓடுறது எண்டு எனக்குத் தெரியும்." ஒரு சிலர் முகத்தைச் சுளித்துக்கொண்டு போனார்கள். எனக்கு அன்றுதான் உன்மேல் முதல் தடவையாகப் பெருமை வந்தது. பொய்த் தைரியம் சொல்லி நல்ல பெயர் வாங்க உனக்கு எவ்வளவு சுலபமான இடம் அது! நீ வாங்கவில்லை. இனி வாழ்க்கை முழுக்க உன்னை வந்து இப்படிக் கேட்பார்கள். பெரிய கதிரையில் உட்காரவைத்துக் கேட்பார்கள். அப்போதும் தெரியாததைத் தெரியாது என்றே சொல். வீட்டில் பெண்சாதியிடமும் அப்படியே இரு. உன் அப்பா எல்லாம் தெரிந்தவர்போல நடிக்காததால்தான் இத்தனை வருடம் நாங்கள் ஒரு கூரைக்குள் இருக்கிறோம்.

போன அறுவடை நேரம் நெல்லடிக்கிற களவெட்டியில் நீ எனக்கு இன்னொன்றும் காட்டினாய். தூற்றிக் குவித்த நெல் பொலியின் அடியில் கையை விட்டு ஒரு பிடி அள்ளினாய். மேலே இருந்த நெல்லெல்லாம் ஒரு பக்கமாகச் சரசரவென்று இறங்கியது. உன் அப்பா, "அடேய், நெல்லோட விளையாடாத" என்று கத்தினார். நீ சொன்னாய், நிலநடுக்கத்தால் மட்டும் கடல் எழும்புவதில்லை, கடலுக்கு அடியில் சரிவுகளில் படிந்து கிடக்கிற மண்ணும் சேறும் இப்படிச் சரிந்தாலும் எழும்பும் என்று. நம் கரையில் கொஞ்சத் தூரத்திலேயே கடலடி பள்ளக் கிடங்காக இறங்கிவிடுகிறது என்றும் சொன்னாய். சுமாத்திராப் பக்கம் நிலம் நடுங்கினால் அந்தக் கடல் இங்கே வந்துசேர நேரம் எடுக்கும், அதற்குள் அறிவித்தல் வந்துவிடும், எச்சரிக்கைக் கோபுரத்தில் சைரன் அடிக்கும், ஆறுதலாக நடந்தே போய்விடலாம். ஆனால் கிட்டத்தில் மண் சரிந்தால் காலுக்குக் கீழே நிலம் அசையாது, சைரன் அடிக்கமுன்னரே கடல் வந்துவிடலாம். "அது அரிதம்மா. நம்மட காலத்துல வராமலே போகலாம். ஆனா வந்தா தூரத்துக்கு ஓட நேரமில்ல. கிட்ட இருக்கிற உயரத்துல ஏறோணும்." இதைக் கேட்டபோது நான் நெல்லைக் கூட்டிக்கொண்டிருந்தேன். ஓம் ஓம் என்று தலையாட்டினேன். காதில் விழுந்தது, மனதில் ஏறவில்லை. என் மனது அப்போதும் தோணிக்குள்தான் இருந்தது.

அது எவ்வளவு உறுதியாக இருந்தது என்று போன மாதம் ஊரே பார்த்தது.

வீடு பார்க்கப் போகிற நாளையும் சுனாமி ஒத்திகை நாளையும் ஒன்றாக வைத்தது நீதான். உன் முகத்தைப் பார்த்தாலே அது தெரிந்தது. ஒத்திகை என்று முன்னரே எல்லோருக்கும் சொல்லியிருந்தார்கள், எனக்கும் சொன்னாய். சைரன் அடித்ததும் எல்லோரும் பள்ளிக்கூட மாடிக்கு வரவேண்டும் என்று சொல்லிவிட்டு நீ அங்கே போய்விட்டாய். நான் பட்டுச்சேலையும் பலகாரத் தட்டுமாகச் சம்பந்தியம்மாவோடு புது வீட்டின் குசினியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நல்ல குசினி, அதையும் சொல்லிவிடுகிறேன். அப்போது அந்தச் சத்தம் எழும்பியது. ஒத்திகை என்று என் புத்திக்குத் தெரியும். காலுக்குத் தெரியவில்லை. சம்பந்தியம்மாவின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு கொல்லைப் பக்கமாக வாவிக்கு ஓடினேன். அங்கே கட்டிக் கிடந்த தோணியில் அவவை ஏற்றினேன், நானும் ஏறினேன், கயிற்றை அவிழ்த்தேன், கரையில் நின்ற சனத்தைப் பார்த்து, "வாங்க, வாங்க, இன்னும் இடமிருக்கு" என்று கத்தினேன். பலகாரத் தட்டு என் மடியிலேயே இருந்தது. வலை காயப்போட்டுக்கொண்டிருந்த ஒரு மனிதர் ஓடிவந்து, "அக்கா, என்ட தோணியக் கொண்டு எங்க போறீங்க?" என்று கேட்டார். "உயிர் தப்ப" என்றேன். சம்பந்தியம்மா தோணியின் இரண்டு பக்கத்தையும் இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தா. பாவம், மருமகன் வீட்டு மரியாதைக்காக ஏறியிருப்பா.

யாரும் ஏறவில்லை. எல்லோரும் மறுபக்கம் போய்க்கொண்டிருந்தார்கள். அந்தச் சனத்துக்குள்ளிருந்து தர்சி வந்தாள். பாலர் பாடசாலைப் பிள்ளைகளை ஒரு கயிற்றைப் பிடிக்கவைத்து வரிசையாகக் கூட்டிக்கொண்டு போனவள், அவர்களை இன்னொரு டீச்சரிடம் விட்டுவிட்டு வந்திருக்கிறாள். சிரிப்பாள் என்று நினைத்தேன். கூடவே கோபமும் தயாராக வைத்திருந்தேன். அவள் சிரிக்கவில்லை. முழங்காலளவு தண்ணீரில் இறங்கி என் கையைப் பிடித்தாள். "மாமி, தோணிய விட்டுட்டு வாங்க. இவடத்த வாவிக்குள்ளதான் தண்ணி முதல்ல வரும். முகத்துவாரத்தால ஏறி வரும்." நான் வரமாட்டேன் என்றேன். "நான் என்ட மகனத் தோணியிலதான் காப்பாத்தினன். உனக்கென்ன தெரியும்?" என்று அவள் முகத்துக்கு நேரே கேட்டேன். அவள் சொன்னாள், "தெரியும் மாமி. எங்கட ஆக்களும் அண்டைக்குத் தோணியிலதான் ஏறினாங்க." அவர்கள் கரை சேரவில்லை என்று எனக்கு விளங்கியது. இறங்கினேன்.

மாடிப் படியில் ஏறும்போது என் முழங்கால் நொந்தது. அவள் என் வேகத்துக்கே ஏறினாள். மேல்மாடியில் ஊர்ச்சனம் எல்லாம் கூடி நின்றது. பிள்ளைகள் என் கையிலிருந்த பலகாரத் தட்டைக் கண்டுவிட்டு அச்சுப்பலகாரம் கேட்டார்கள். கொடுத்தேன். கொடுத்துக்கொண்டே நிமிர்ந்து பார்த்தேன், மகனே. கடல். அந்தக் காலைக்குப் பிறகு நான் அதை நேருக்கு நேர் பார்த்ததேயில்லை. கல்லடிப் பாலத்தால் பஸ்ஸில் போகும்போதுகூட மறுபக்கம் திரும்பிக்கொள்வேன். இப்போது தப்ப இடமில்லை. முன்னால் முழுக்க அதுதான். நீலமாக, வெயில் பட்டு, ஒன்றும் தெரியாததுபோலக் கிடந்தது. நான் அழுதேன். தர்சி என் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றாள். நல்ல பிள்ளை. இதை அவளுக்கும் வாசித்துக் காட்டு.

அன்று பின்னேரம் புது வீட்டு வாசலில் வைத்து நீ சொன்னதைத்தான் நான் இத்தனை நாளும் மனதுக்குள் போட்டு உருட்டிக்கொண்டிருக்கிறேன். எனக்குத் தேத்தண்ணீர் கொண்டுவந்து தந்து, பக்கத்தில் நிலத்தில் உட்கார்ந்தாய். கனகாலமாகச் சொல்ல நினைத்து, மனம் நோகுமே என்று சொல்லாமல் விட்ட ஒன்று என்று தொடங்கினாய். ஆரையம்பதியில் அன்று தண்ணீர் எதுவரை வந்தது என்று நீ வீடு வீடாகக் கேட்டு, மண்ணையும் பார்த்திருக்கிறாய். பெருந்தெருவுக்கு அங்கால் அது வரவில்லை. "தெருவத் தாண்டின உடனே நீங்க தப்பிட்டீங்கம்மா. அதுக்குப் பிறகுதான் தோணி. அந்தத் தோணி அவ்வளவு சனத்தோட கவிழாம போனது நம்மட அதிட்டம்." எனக்கு முகம் கறுத்திருக்கும். என் கதையை என்னிடமிருந்தே பறிக்கிறான் என்று நினைத்தேன். அப்போதுதான் நீ என் காலில் கை வைத்தாய். "தோணி காப்பாத்தல. இதுதான் காப்பாத்தினது. சவர்க்காரத்தோட வழுக்கின புள்ளையத் தூக்கிக்கொண்டு, ஒருத்தரும் சொல்லாம, திரும்பிப் பாக்காம ஓடின கால்."

மகனே, இத்தனை வருடமாக நான் அந்தத் தோணிக்காரருக்குக் கடமைப்பட்டவளாக, தோணியில் இடம் கிடைத்த ஒருத்தியாகத்தான் என்னை நினைத்துக்கொண்டிருந்தேன். தங்கச்சியை விட்டுவிட்டு ஓடிவந்த கால் என்று இந்தக் காலை ராவில் திட்டியும் இருக்கிறேன். நீ சேற்றையும் மணலையும் கிண்டிக் கிண்டிப் படித்த படிப்பு கடைசியில் இந்த இடத்துக்கு வந்து சேரும் என்று யார் கண்டது! கடலை ஏன் போய்ப் பார்க்கிறாய் என்று நான் ஏசிய ஏச்செல்லாம் என் தொண்டைக்குள் திரும்பிப் போய்விட்டது. நீ போய்ப் பார்த்ததால்தான் எனக்கு என் கால் திரும்பக் கிடைத்தது. நீ போய்ப் பார்த்ததால்தான் தர்சியின் பாலர் பாடசாலைப் பிள்ளைகள் தோணியில் ஏறாமல் மாடியில் ஏறுகிறார்கள்.

ஆகவே உன் அப்பா கேட்ட கேள்விக்கு என் பதில் இது. நான் வருவேன். கல்யாணத்தன்றைக்கே வந்து படுக்கமாட்டேன், அவ்வளவு புத்தி எனக்கு உண்டு. ஒரு மாதம் போகட்டும். அதற்குள் நீங்கள் இருவரும் இரண்டு மூன்று சண்டையாவது பிடித்து முடித்திருப்பீர்கள். பிடியுங்கள், ஆனால் படுக்கமுன் முடித்துவிடுங்கள். அவள் பெற்றோர் கட்டிய வீட்டில் நீ விருந்தாளிபோல இருக்காதே. ஓட்டில் ஒழுகினால் ஏணியை எடு, கிணற்றுக் கயிறு அறுந்தால் நீ கட்டு. உன் குழாய்ச் சேற்றை அவள் குசினி மேசையில் வைத்துவிடாதே. அவள் என்னைப்போல வாயால் ஏசமாட்டாள், பேசாமல் இருந்துவிடுவாள், அது இன்னும் மோசம். கடலுக்குப் போகிற நாளில் எந்த இடம், எப்போது திரும்புவாய் என்று சொல்லிவிட்டுப் போ. காத்திருக்கிறவர்களுக்கு அதுதான் பெரிய சாப்பாடு.

நான் வந்தால் எனக்குக் கட்டில் வேண்டாம். வாசல் பக்கமாக ஒரு பாயைப் போடச் சொல். சைரன் அடித்தாலும், அடிக்காமல் கடல் ஒரு மாதிரி நிரம்பி வந்தாலும், முதலில் எழும்புகிறவள் நானாக இருக்கவேண்டும். இரண்டு நாளைக்கு ஒரு தரம் இங்கே வயல் வரம்பு நீளத்துக்கு நடந்து பழகுகிறேன், முழங்கால் கொஞ்சம் சொல்வழி கேட்கிறது. உன்னை ஒரு தரம் தூக்கிக்கொண்டு ஓடினேன். இனி உன்னைத் தூக்க ஏலாது. தர்சியின் கையைப் பிடித்துக்கொண்டு நான் முன்னால் போவேன், நீ எங்களுக்குப் பின்னால் வந்துவிடு. வேலியடியில் கடலைப் பார்த்துக்கொண்டு நிற்காதே, என் ராசா. மாடிக்கு வந்து பார். அங்கிருந்து பார்க்க அது வடிவாகத்தான் கிடக்கிறது.

உன் அம்மா